கூட்டம் கலைந்த கதை

வரலாறு என்றவுடன் மன்னரும் போரும் உடன்படிக்கையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஒரு நாட்டு மக்கள் தம் மாலைப் பொழுதை எங்கே கழித்தனர், அதற்கென எவ்வளவு பணம் செலவிட்டனர், எதனால் மனம் கசந்து வீடு திரும்பினர் என்பனவும் வரலாறே ஆகும். அரசர்களின் ஆவணங்களில் இவை இடம்பெறா. எனினும் மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோர் இவற்றைப் புறக்கணித்தல் இயலாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்ற முறையில், அத்தகைய சிறு வரலாறு ஒன்றை இன்று உங்கள் முன் வைக்கின்றேன். பிரிட்டனில் ‘ஸ்பீட்வே’ என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம் எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு தளர்ந்தது, அதனைப் போற்றிய இரசிகர்களே ஏன் அதன்மீது குறை கூறலாயினர் என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் பந்தயத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். நீள்வட்ட வடிவான மண்பாதை ஒன்று. அதன் சுற்றளவு 260 மீட்டர் முதல் 425 மீட்டர் வரை இருக்கும். ஒவ்வோர் ஓட்டத்திலும் நான்கு வீரர்கள், நான்கு சுற்றுகள். அவர்கள் ஏறிவரும் வண்டி 500 சி.சி. ஆற்றல் கொண்டது, மெத்தனால் என்னும் எரிபொருளால் இயங்குவது. அதற்குக் கியர் ஒன்றே, பிரேக் கிடையாது! வளைவில் வீரர் இடக்காலை நிலத்தில் ஊன்றி, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டே வண்டியைத் திருப்புகின்றார். அக்காலில் இரும்புத் தகடு பொருத்திய காலணி உண்டு. முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை. ஓர் ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இன்றைய அணிப் பந்தயத்தில் இத்தகைய ஓட்டங்கள் 15 நடைபெறுகின்றன.

இவ்விளையாட்டின் பிறப்பிடம் ஆஸ்திரேலியா என்பர். 1923-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்கு மெயிட்லண்டு நகரில், ஜானி ஹாஸ்கின்ஸ் என்பார் விளக்கொளியில் ஒரு பந்தயம் நடத்தினார். அங்கிருந்து இக்கலை பிரிட்டனுக்குக் கப்பலேறியது. 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் எசெக்ஸ் வட்டாரத்து எப்பிங் காட்டில், ஹை பீச் என்னுமிடத்தில், உள்ளூர் மோட்டார் சைக்கிள் கழகம் ஒன்று பந்தயம் ஏற்பாடு செய்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே கேம்பர்லியில் இத்தகைய பந்தயம் நடந்தது என்று வாதிடுவோரும் உளர். அஃது எவ்வாறாயினும், நாட்டின் கவனத்தை ஈர்த்தது ஹை பீச் பந்தயமே. நடத்தியவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு மக்கள், பல்லாயிரவராகத் திரண்டனர். கயிற்றைக் கடந்து பாதையின் விளிம்பு வரை கூட்டம் நெருங்கி நின்றது.

அடுத்த ஆண்டே, அதாவது 1929-இல், தெற்கிலும் வடக்கிலும் இரண்டு லீக்குகள் தோன்றின. இவ்வளவு விரைந்த வளர்ச்சிக்குக் காரணம் யாது? அக்காலத் தொழிலாளி பகலெல்லாம் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்தவர். மாலையில் மின்விளக்கொளியில், ஊர்ப் பெயர் பொறித்த மேலாடை அணிந்த தம் வீரரைக் கண்டு ஆர்ப்பரிக்க அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. குடும்பத்தோடு செல்லலாம், பெண்டிரும் சிறாரும் உடன் வரலாம். இதனால் இது எளிய மக்களின் விளையாட்டாக வேரூன்றிற்று.

1936-இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் முதல் உலகப் பட்டப் போட்டி நடைபெற்றது. ஆஸ்திரேலியரான லயனல் வான் பிராக் வெற்றி பெற்றார். இரண்டாம் உலகப் போர் இதற்கும் ஓர் இடைவேளை விதித்தது. போர் முடிந்ததும் மக்கள் வெள்ளமெனத் திரும்பினர். 1947-இல் நாட்டின் உயர்நிலை லீக்கில் இருந்தவை ஏழு அணிகள். அவற்றுள் வெம்பிளி, விம்பிள்டன், நியூ கிராஸ், வெஸ்ட் ஹாம், ஹாரிங்கே ஆகிய ஐந்தும் இலண்டன் மாநகரத்தவை. 1949-இல் உலகப் பட்டப் போட்டி மீண்டும் தொடங்கியபோது, டாமி பிரைஸ் அப்பட்டத்தை வென்ற முதல் ஆங்கிலேயர் ஆனார். வெம்பிளியில் அன்று ஏறத்தாழ 90,000 பேர் கூடியிருந்தனர்.

இந்த ஏற்றம் நெடுநாள் நிலைக்கவில்லை. அந்நாளில் பிரிட்டன் அரசு கேளிக்கை வரி விதித்திருந்தது. திரையரங்குச் சீட்டின் வழியாக நம் நாட்டவரும் நன்கறிந்த வரிதான் அது. கால்பந்து முதலிய ஆட்டங்களுக்குக் குறைந்த வரி. ஸ்பீட்வேக்கோ ஏறத்தாழப் பாதி வருவாயையே விழுங்கும் உயர்ந்த வரி. மற்றொரு புறம், தொலைக்காட்சிப் பெட்டி வீடுதோறும் நுழைந்தது. இவ்விரண்டுக்கும் இடையே பந்தய அரங்குகள் நசுங்கின. 1953-இல் நியூ கிராஸும், 1954-இல் ஹாரிங்கேயும், 1955-இல் வெஸ்ட் ஹாமும் கதவடைத்தன. 1957 பிப்ரவரியில் வெம்பிளியின் தலைவர் சர் ஆர்தர் எல்வின் மறைந்தார். அவ்வாண்டுப் பந்தயம் தொடங்குமுன்னரே வெம்பிளி அணி விலகியது. பத்தாண்டுகளுக்கு முன் ஐந்து அணிகள் இருந்த மாநகரில் விம்பிள்டன் ஒன்றே எஞ்சியது.

அத்துடன் கதை முடிந்திருக்கலாம், முடியவில்லை. 1960-க்குள் கேளிக்கை வரி முற்றும் நீங்கியது. அவ்வாண்டிலேயே சிற்றூர் அரங்குகளைத் திரட்டி மாகாண லீக் என்ற புதிய அமைப்பு எழுந்தது. குறைந்த செலவு, இளம் வீரர்கள், ஊர்ப்பற்று ஆகிய மூன்றே அதன் முதல். ஆனால் வளர்ச்சியோடு பூசலும் வந்தது. மாகாண லீக்கின் வெற்றி அணியான வுல்வர்ஹாம்டன் மேல்நிலை லீக்குக்கு மாறவேண்டும் என மேலிடம் பணித்தது. மாகாண லீக்கினர் மறுத்தனர். 1964-ஆம் ஆண்டுப் பந்தயங்களை அவர்கள் மேலிடத்தின் உரிமம் இல்லாமலே நடத்தினர். அவற்றில் பங்கேற்ற வீரர்களுக்குத் தடை அச்சுறுத்தல் எழுந்தது.

இப்பூசலை ஆராயப் பிரபு ஷாகிராஸ் தலைமையில் விசாரணை நடந்தது. நியூரம்பர்க் நீதிமன்றத்தில் பிரிட்டன் சார்பில் வழக்குரைத்த அதே சட்ட அறிஞர்தாம் அவர். போர்க் குற்றவாளிகளை எதிர்த்து வாதாடியவர், பின்னாளில் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரரின் பிணக்கையும் தீர்க்க நேர்ந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அவ்விசாரணைக்குப் பின், 1965-இல் இரு லீக்குகளும் இணைந்து 18 அணிகள் கொண்ட பிரிட்டிஷ் லீக் உருவாயிற்று. அரங்குகள் மீண்டும் நிறைந்தன. 1981-இல் வெம்பிளியில் இறுதியாக நடந்த உலகப் பட்டப் போட்டியில் அமெரிக்கரான புரூஸ் பென்ஹால் வென்றதை ஏறத்தாழ 90,000 பேர் கண்டனர்.

1965-இல் உயர்நிலை லீக்கில் 18 அணிகள் இருந்தன என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 2024-இல் உயர்நிலை லீக்கில் இருந்தவை 7 அணிகளே. இடைப்பட்ட காலத்தில் நேர்ந்தது என்ன? இரசிகர்கள் கூறும் குறைகளை மூன்றாக வகுத்துக் காண்போம்: பந்தயத்தின் தரம், அதற்காகும் செலவு, நிர்வாகம்.

தரம் பற்றிய குறை முதலாவது. 1970-களில் உலகின் தலைசிறந்த வீரர்கள் பெரும்பாலோர் பிரிட்டனில் வாரந்தோறும் ஓடினர். 1989-இல் போலந்தின் ஆட்சிமுறை மாறிய பின், அந்நாட்டு லீக் வெளிநாட்டு வீரருக்கு வாயில் திறந்தது. அங்குப் பெருங்கூட்டமும் பெரும் ஊதியமும் காத்திருந்தன. ஒரே வீரர் ஒரு வாரத்தில் பிரிட்டனிலும் போலந்திலும் சுவீடனிலும் ஓடலானார். நாளடைவில் பெயர்பெற்றோர் பலர் பிரிட்டனையே முதலில் கைவிட்டனர். எஞ்சியோரைக் கொண்டு அணி அமைக்கப் பல ஒட்டு வேலைகள் தேவைப்பட்டன. ஒரு வீரர் வர இயலாவிடில், அதே லீக்கின் வேறோர் அணியிலிருந்து ‘விருந்து வீரர்’ ஒருவரைக் கடன் வாங்கலாம். சென்ற வாரம் நம் அணியை எதிர்த்து ஓடியவர் இந்த வாரம் நம் மேலாடை அணிந்து வருகின்றார். ஒருவரே மேல்நிலையில் ஓர் அணிக்கும் அடுத்த நிலையில் மற்றோர் அணிக்கும் ஓடும் வழக்கமும் பரவியது. இந்நிலையில் இரசிகர் யாருக்காக ஆர்ப்பரிப்பது?

இதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. ஒவ்வொரு வீரருக்கும் அவர் ஈட்டிய புள்ளிகளைக் கொண்டு ஒரு சராசரி கணக்கிடப்படும். ஓர் அணியின் வீரர்களது சராசரிகளின் கூட்டுத்தொகை ஒரு வரம்பை மீறலாகாது. பணம் படைத்த அணி எல்லாரையும் விலைக்கு வாங்கிவிடாதிருக்க ஏற்பட்ட விதி அது; அதன் நோக்கம் நன்றே. ஆயின் விளைவு என்ன? ஓர் அணி கோடை முழுதும் உழைத்து முன்னேறினால் அதன் வீரர் அனைவருக்கும் சராசரி உயரும். மறு ஆண்டு அவ்வணி வரம்பை மீறிவிடும். ஆதலின் வெற்றி தேடித்தந்த வீரருள் சிலரை வெளியேற்ற நேரும். சிறுவன் ஒருவன் ஒரு வீரரின் படத்தைச் சுவரில் ஒட்டிவைக்கின்றான்; அடுத்த வசந்தத்தில் அவ்வீரர் எதிரணியில் நிற்கின்றார். வெற்றிக்குத் தண்டனை விதிப்பதோ இவ்விதி என்று இரசிகர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

21-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மற்றொரு புதுமை நுழைந்தது. பின்தங்கிய அணி ஓர் ஓட்டத்தில் தன் வீரர் ஒருவரின் புள்ளிகளை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம் என்றனர். அதனால் 5–1 என்று முடியவேண்டிய ஓட்டம் 8–1 என முடிந்தது. ஆட்டத்தை இறுதிவரை விறுவிறுப்பாக வைத்திருக்கவே இவ்வேற்பாடு என்றனர் அமைப்பாளர். உழைத்து ஈட்டிய முன்னிலையை ஒரு நிமிடத்தில் பறிப்பது விளையாட்டாகுமோ என்றனர் இரசிகர். பல ஆண்டு வழக்கிலிருந்த பின் அவ்விதி கைவிடப்பட்டது.

இரண்டாவது குறை செலவு பற்றியது. அண்மை ஆண்டுகளில் உயர்நிலைப் பந்தயத்திற்கு வயது வந்தோரின் நுழைவுச் சீட்டு 20 பவுண்டு அளவில் விற்கின்றது. பெற்றோரும் இரு பிள்ளைகளும் செல்வதாயின், போக்குவரத்தும் சிற்றுண்டியும் சேர்ந்து ஒரு தொழிலாளர் குடும்பத்திற்குப் பெருஞ்சுமையே. இதற்கு ஈடாகக் கிடைப்பது யாது? 15 ஓட்டங்கள் எனின், உண்மையான பந்தயம் ஏறத்தாழ 15 நிமிடம். மீதி நேரமெல்லாம் பாதையைச் சீர்செய்வதிலும், மறுதொடக்கத்திலும், காத்திருப்பதிலும் கழிகின்றது. முற்காலத்திலும் காத்திருப்பு இருந்தது. ஆனால் சீட்டின் விலை குறைவு, கூட்டத்தின் கலகலப்பு மிகுதி. அரங்கு பாதி வெறிச்சோடிய இடத்தில் அதே காத்திருப்பு நீண்டதாகத் தோன்றுகின்றது.

மூன்றாவதும் முதன்மையானதுமான குறை நிர்வாகம். 1965 முதல் பந்தயம் நடத்துவோரின் சங்கமே லீக்கை நிர்வகித்து வருகின்றது. அணிகளின் உரிமையாளர்களே குளிர்காலத்தில் ஒன்றுகூடி மறு ஆண்டு விதிகளை வகுக்கின்றனர். சராசரி வரம்பு எவ்வளவு, எவ்வணி எந்நிலையில் ஓடும், விருந்து வீரர் விதி யாது என்பவற்றையெல்லாம் முடிவு செய்வோர் அவற்றால் ஆதாயமோ நட்டமோ அடைவோரே. லீக்குகளின் பெயரும் அமைப்பும் மாறிக்கொண்டே இருந்தன. 1995-இல் இரு பிரிவுகளும் இணைந்தன. 1997-இல் மீண்டும் பிரிந்தன. 2017-இல் மறுபடியும் புதுப்பெயர் பெற்றன. பலகையை மாற்றினால் கடையின் சரக்கு மாறிவிடுமோ?

பள்ளியில் ஆண்டுதோறும் நடைபெறும் விளையாட்டு விழாவை எண்ணிப் பாருங்கள். நான் தலைமையாசிரியராய் இருந்த காலத்தில், எந்த அணிக்கும் பொறுப்பேற்காத ஆசிரியரையே விதிக்குழுவிற்குத் தலைவராக அமர்த்துவேன். அணிப் பொறுப்பாளர்கள் நேர்மையற்றோர் என்பதன்று காரணம். தம் அணி தோற்றுவிடுமோ என்ற கவலை எத்துணை நல்லவரின் கண்ணையும் சிறிது மறைக்கும். அதைவிட முக்கியமானது, தோற்ற அணியின் சிறுவனும் ‘விதி நடுநிலையாக வகுக்கப்பட்டது’ என்று நம்பி வீடு செல்லவேண்டும். அந்நம்பிக்கை இல்லையேல் அடுத்த ஆண்டு அவன் ஓடவே வரமாட்டான்.

இனி மறுதரப்பின் வாதத்தையும் கேட்டல் நம் கடமை. பந்தயம் நடத்துவோரில் பெரும்பாலோர் இதனால் செல்வம் குவித்தவர் அல்லர். கைப்பணத்தை இழந்தும் அணியைக் காத்தவர் பலர். வீரர் பாடும் எளிதன்று. வண்டியும் உதிரிப் பொருளும் பயணமும் உதவியாளர் கூலியும் அவர் பொறுப்பு; ஊதியமோ பெரும்பாலும் ஈட்டும் புள்ளிக்கு ஏற்பவே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ‘ஜே.ஏ.பி.’ என்னும் எளிய எஞ்சினே களத்தை ஆண்டது. பின்னர் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா, பிரிட்டனின் வெஸ்லேக், இத்தாலியின் ஜி.எம். என ஒன்றையொன்று விஞ்சும் எஞ்சின்கள் வந்தன. ஒருவர் விலையுயர்ந்த எஞ்சினை வாங்கினால் மற்றவரும் வாங்கியே தீரவேண்டும். அச்செலவு வீரரிடமிருந்து அமைப்பாளருக்கும், அமைப்பாளரிடமிருந்து நுழைவாயிலில் நிற்கும் இரசிகருக்கும் இறங்கி வந்தது.

நிலத்தின் கதை இதனினும் கொடிது. பெரும்பாலான ஸ்பீட்வே அணிகளுக்குச் சொந்த அரங்கு கிடையாது. நாய்ப் பந்தயம் நடத்துவோரிடமோ நில உரிமையாளரிடமோ அவை வாடகைக் குடிகளாகவே வாழ்ந்தன. நகரம் விரியுந்தோறும் நிலத்தின் விலை ஏறிற்று. பந்தயத்தைவிடக் கட்டடம் பன்மடங்கு ஆதாயம் தந்தது. மான்செஸ்டரின் பெல் வியூ அணி 1929 முதல் ஓடிய ஹைடு ரோடு அரங்கை 1987-இல் இழந்தது. இலண்டனில் எஞ்சியிருந்த விம்பிள்டனிலும் 2005-உடன் பந்தயம் நின்றது. கவென்ட்ரி அணி 2016-க்குப் பின் தன் பிராண்டன் அரங்கில் ஓடவில்லை. சுவிண்டன் அணி 2019-இல் நாட்டின் வெற்றி அணியாயிற்று; மறு ஆண்டு பெருந்தொற்றால் பந்தயங்கள் நின்றன; அதன்பின் சுவிண்டன் மீளவே இல்லை. 2021-இல் வெற்றிக் கோப்பையை ஏந்திய பீட்டர்பரோவும், பழம்பெரும் வுல்வர்ஹாம்டனும் 2023-உடன் தம் அரங்குகளை இழந்தன. வென்ற அணிக்கும் நிற்க நிலமில்லை என்றால், அவ்விளையாட்டின் நிலை எத்தகையது என்று நீங்களே உணரலாம்.

அவ்வாறாயின் வீழ்ச்சிக்கு நிலமே காரணம், நிர்வாகத்தைக் குறை கூறுவது வீண் என்று முடிவு செய்யலாமா? அவ்வாறு கருதுதல் பொருந்தாது என்பது என் துணிபு. 1950-களையும் அண்மைக் காலத்தையும் ஒப்பிட்டு நோக்குங்கள். அன்று வரியும் தொலைக்காட்சியும் வெளியிலிருந்து தாக்கின. வரி நீங்கியதும், எளிய முறையில் பந்தயம் நடத்த முன்வந்தோரை மக்கள் ஆதரித்தனர். 1964-இன் பூசலைத் தீர்க்கப் பூசலுக்கு அப்பாற்பட்ட ஒருவர் அழைக்கப்பட்டார். மறு ஆண்டே 18 அணிகள் ஓரணியில் நின்றன. பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த இடுக்கண் குறைவன்று. ஆனால் அதனை எதிர்கொள்ள, விதிகளைச் சார்பின்றி வகுக்கவும் இரசிகர் சொல்லைக் கேட்கவும் தக்க ஏற்பாடு வலுப்பெறவில்லை. நிரம்பிய அரங்கை இடிக்க முனைவோன் ஊராரின் எதிர்ப்பை எண்ணித் தயங்குவான். வெறிச்சோடிய அரங்கு எளிதில் விலைபோகும். ஆகவே கூட்டம் கலைந்ததும் நிலம் பறிபோனதும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

நம்பிக்கைக்கு இடமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. மான்செஸ்டரில் தேசிய ஸ்பீட்வே அரங்கம் 2016-இல் எழுந்தது. அதன் தொடக்க நாளிலேயே பாதை சரியில்லாமல் பந்தயம் கைவிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஏமாற்றத்தோடு திரும்பினர். நிர்வாகத்தின்மீது இரசிகர் கொண்ட கசப்புக்கு அந்நாள் ஓர் அடையாளமாயிற்று. ஆயினும் அதே அரங்கில், 2021-இல், பிரிட்டன் நாடுகளுக்கிடையிலான உலகப் பட்டத்தை வென்றது. 1989-க்குப் பின் அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் அணிப் பட்டம் அதுவே. 2012-க்குப் பின் மூடிக்கிடந்த ஆக்ஸ்போர்டு அரங்கில் 2022-இல் மீண்டும் எஞ்சின் ஒலித்தது. வீரம் குன்றவில்லை, மக்களின் பற்றும் முற்றும் அற்றுப்போகவில்லை.

கல்லூரியில் வரலாறு பயில்வோர் இதிலிருந்து ஒரு முறையைக் கற்கலாம். ஓர் அமைப்பின் நலிவை அறிய வெற்றிப் பட்டியலைப் பார்த்தால் போதாது, முறையீடுகளைப் படியுங்கள். குறை கூறுபவரைப் பகைவர் என்று எண்ணுதல் எளிது. உண்மையில், மழையில் நனைந்தபடி காத்திருந்து, சீட்டு வாங்கி, பந்தயத்தைக் கண்டு, பின் ‘இது சரியில்லை’ என்று உரத்துச் சொல்பவர் அவ்விளையாட்டின்மீது இன்னும் பற்றுக் கொண்டவர். பற்று அற்றவர் முறையிடுவதில்லை. அடுத்த வாரம் வருவதில்லை, அவ்வளவே.

இது பந்தய அரங்குக்கு மட்டும் உரிய செய்தியன்று. நாளை நீங்கள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தையோ, நூலகத்தையோ, ஊராட்சியையோ நடத்தும் பொறுப்பை ஏற்கக்கூடும். அப்போது விதி வகுக்கும் இடத்தில், அதனால் ஆதாயம் இல்லாத ஒருவரையேனும் அமர்த்துங்கள். கட்டணம் செலுத்துவோருக்குப் பேச ஓர் இடம் கொடுங்கள். முறையீட்டுப் பெட்டியை வாரந்தோறும் திறந்து படியுங்கள். அது வெறுமையாகும் நாளில் மகிழ்வதற்கு முன், மக்கள் இன்னும் வருகின்றார்களா என்று வாயிலில் சென்று பாருங்கள்.